சாய்த்து வைத்த கதவுகள்

வயதான ஒருவர் தன் வீட்டு உள்கதவுகளை ஒவ்வொன்றாகக் கீலிலிருந்து கழற்றுகிறார். கழற்றிய கதவுகளைச் சுவரில் அறுபது பாகைச் சாய்வில் நிறுத்த வேண்டும் என்று அரசாங்கக் கையேட்டில் போட்டிருக்கிறது. அறுபது பாகையை எப்படி அளப்பது என்பதுதான் இப்போதைக்கு அவருடைய கவலை. மனைவிக்கு வேறு கவலை. நல்ல குஷன்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவுகளுக்கு அடியில் போட்டு அழுக்காக்கிவிடுவாரோ என்று.

நேற்று இரவு ‘வென் த விண்ட் ப்ளோஸ்’ படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 1986-இல் வந்த பிரிட்டிஷ் அனிமேஷன் படம். அணுகுண்டு விழுவதற்குச் சில நாள் முன்பும் சில நாள் பின்பும் சஸெக்ஸ் கிராமப்புறத்து வீடு ஒன்றில் நடப்பது. ஜிம், ஹில்டா என்று இரண்டே பேர். வேறிடத்தில் இருக்கும் மகன் தொலைபேசியில் வருவதோடு சரி. முதல் இரண்டு தடவையும் குண்டுக்குப் பிறகு வரும் காட்சிகளையே நினைத்துக்கொண்டு படுத்தேன். இந்தத் தடவை மனசு அந்தக் கதவுகளிடமே நின்றுவிட்டது.

*

கையேடு கற்பனை இல்லை. ‘ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசு தயாரித்தது. போர் நெருங்கினால் மட்டுமே மக்களுக்குக் கொடுப்பது என்று உள்ளேயே வைத்திருந்தார்கள். பத்திரிகைகள் எழுதி, ஜனங்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, 1980 மே மாதம் 50 பென்ஸ் விலை போட்டு விற்பனைக்கு விட்டார்கள்.

ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும், வெப்பத்தைத் திருப்பிவிடும். வீட்டின் நடுவில் ஓர் அறை, அதற்குள் கதவுகளைச் சாய்த்து ஒரு பதுங்கிடம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பைண்ட் குடிதண்ணீர், பதினான்கு நாளைக்கு. டின் திறக்கும் கருவி, வாளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, பேட்டரியோடு ரேடியோ, சாவி கொடுத்து ஓடும் கடிகாரம், நாட்காட்டி, நோட்டுப் புத்தகம், பென்சில். குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான். யாராவது இறந்துபோனால் உடலை வேறு அறைக்கு மாற்றி, நன்றாக மூடி, பெயர்ச்சீட்டு கட்டி வைக்க வேண்டும். ஐந்து நாளில் ரேடியோவில் தகவல் வராவிட்டால் தற்காலிகமாகப் புதைத்துவிடலாம்.

விளையாட்டுச் சாமான் என்ற சொல்லை ஓர் அதிகாரி அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவரும் பிள்ளை பெற்றவராக இருந்திருப்பார். அவரைக் கெட்டவர் என்று நினைக்க எனக்கு வரவில்லை. அதுதான் தொந்தரவு செய்கிறது.

*

பதினான்கு நாள் என்ற கணக்கும் பொய்யில்லை. குண்டு வெடித்த பிறகு படியும் கதிரியக்கத் தூசியின் வீரியம், நேரம் ஏழு மடங்காகும்போது பத்தில் ஒன்றாகக் குறையும். ஒரு மணி நேரத்தில் இருந்தது ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒன்று; இரண்டு நாளில் நூறில் ஒன்று; இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. இயற்பியல் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு. அந்த இரண்டு நாளும் இரண்டு வாரமும்தான் கையேட்டில் விதிகளாக இருக்கின்றன.

பதினான்கு நாள் கழித்துக் கதவுகளை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு எந்த ஊர் இருக்கும், எந்த ஆஸ்பத்திரி இருக்கும், பால் யார் கொண்டுவருவார்கள் என்பதை அது சொல்லவில்லை.

*

புயல் எச்சரிக்கை வந்தால் என் அப்பா செய்வதும் இதுதான். குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைப்பார். மெழுகுவத்தி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று ஒருமுறை சொல்லிக் காட்டுவார். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்ப்பார். முகத்தில் பயம் இருக்காது. வேலை கிடைத்துவிட்ட ஓர் அமைதி இருக்கும். அவர் செய்தது எல்லாம் பயன்பட்டது; மறுநாள் காலையில் குடத்தில் தண்ணீர் இருந்தது. அதனால் என்னால் ஜிம்மைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

ஜிம்முக்கும் ஹில்டாவுக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் மறைக்கவில்லை. இருவரும் இரண்டாம் உலகப்போரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் ஆசையோடு. அந்தப் போரில் அரசாங்கம் சொன்னதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். ஆண்டர்சன் பதுங்குகூடு என்று நெளிதகரத்தில் ஒன்று. 1939-இலிருந்து லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 250 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு இலவசம். தோட்டத்தில் குழி தோண்டி, பாதி புதைத்து, மேலே மண் போட்டுக் காய்கறிச் செடிகூட வைத்தார்கள். 1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போடத் தொடங்கியபோது, அந்தத் தகரத்துக்குள் உட்கார்ந்திருந்து காலையில் எழுந்து வந்தவர்கள் ஏராளம்.

அப்படிக் காப்பாற்றப்பட்ட தலைமுறை இது. அறிவிப்பு வந்தால் நம்ப வேண்டும் என்பதை அவர்கள் உயிரைக் கொண்டு கற்றுக்கொண்டவர்கள். நாற்பது வருஷம் கழித்து அதே குரலில், அதே அரசாங்க முத்திரையோடு இன்னொரு தாள் வருகிறது. ஏன் சந்தேகப்பட வேண்டும்? இந்த இருவரையும் அறியாதவர்கள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தகரக் கூடு ஈட்டிக் கொடுத்த நம்பிக்கையைக் கதவுச் சாய்ப்புக்குச் செலவழித்தது அவர்கள் இல்லை.

*

இந்தக் கதையை முதலில் புத்தகமாக எழுதி வரைந்தவர் ரேமண்ட் பிரிக்ஸ். குழந்தைகளுக்கு ‘த ஸ்னோமேன்’ செய்தவர். அது 1978, இந்தப் புத்தகம் 1982. அதே வருஷம் டிசம்பரில் ‘ஸ்னோமேன்’ தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. இரண்டு படங்களையும் தயாரித்தது ஒரே ஸ்டூடியோ, லண்டனில் இருந்தது. வட்ட முகம், புள்ளிக் கண், மென்மையான பென்சில் கோடு. பனிமனிதனை வரைந்த அதே கைதான் ஹில்டாவின் ஈறிலிருந்து ரத்தம் வருவதையும் வரைந்திருக்கிறது.

பிரிக்ஸின் அப்பா வீடுவீடாகப் பால் போட்டவர். அம்மா கல்யாணத்துக்கு முன்பு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தவர். அவர்கள் இருவரையும் பற்றி ‘எத்தல் அண்ட் எர்னஸ்ட்’ என்று பிறகு ஒரு புத்தகம் செய்தார். அதைப் படித்துவிட்டு இந்தப் படத்துக்குத் திரும்பினால் ஜிம் யார், ஹில்டா யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1971-இல் சில மாத இடைவெளியில் அவருடைய பெற்றோர் இருவரும் இறந்துபோனார்கள். குண்டு விழும் வீட்டுக்குள் அவர் அவர்களையே குடிவைத்தார். எழுதும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

*

புத்தகத்தில் ஜிம்மும் ஹில்டாவும் சின்னஞ்சிறு கட்டங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது கட்டம்கூட இருக்கும். டீ ஊற்றுவது, பாத்திரம் துடைப்பது, செய்தித்தாள் மடிப்பது. திடீரென்று பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம்: இருட்டில் ஓர் ஏவுகணை. மறுபடி சின்னக் கட்டங்கள். பிறகு ஒருநாள் போர்விமானங்கள், இன்னொரு நாள் நீர்மூழ்கிக் கப்பல். வீட்டுக்காரர்கள் அந்தப் பெரிய பக்கங்களைப் பார்ப்பதே இல்லை. நாம்தான் பார்க்கிறோம்.

படம் வேறு வழி கண்டிருக்கிறது. வீட்டைச் சின்ன மாதிரியாக நிஜமாகவே கட்டிப் படம் பிடித்திருக்கிறார்கள். மேசை, நாற்காலி, அடுப்பு எல்லாம் தொடக்கூடிய பொருள்கள். நிஜ நிழல் விழுகிறது. ஆட்கள் மட்டும் தாளில் வரைந்தவர்கள். கெட்டிலுக்கு இருக்கும் கனம் ஹில்டாவுக்கு இல்லை. முதல் தடவை பார்த்தபோது இது கண்ணை உறுத்தியது. இப்போது அப்படி இல்லை. அந்த வீட்டில் இவர்கள் எவ்வளவு லேசாக இருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

குரல் கொடுத்தவர்கள் ஜான் மில்ஸ், பெகி ஆஷ்க்ராஃப்ட். ‘காந்தி’ படத்தில் வைஸ்ராயாக வந்தவர் மில்ஸ். ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் மிஸஸ் மூர் ஆஷ்க்ராஃப்ட். இருவரும் எண்பதை நெருங்கிய வயதில் பேசியிருக்கிறார்கள். நடிக்காத மூச்சு அது.

*

ரேடியோ அறிவிக்கிறது: மூன்று நிமிடம்.

ஜிம் கத்துகிறார், பதுங்கிடத்துக்குள் போகச் சொல்லி. ஹில்டாவுக்குக் கொடியில் காயும் துணி நினைவு. அடுப்பில் இருக்கும் கேக் நினைவு. ஜிம் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைத் திட்டி உள்ளே தள்ளுகிறார். பிறகு திரை முழுக்க வெள்ளை. ஓசை.

எல்லாம் அடங்கியதும் ஹில்டா முதலில் குறைப்படுவது அந்தக் கெட்ட வார்த்தையைப் பற்றி.

1983-இல் ஜப்பானில் வந்த ‘பேர்ஃபுட் ஜென்’ படமும் அனிமேஷன்தான். ஆறு வயதில் ஹிரோஷிமாவில் குண்டைப் பார்த்துப் பிழைத்த கெய்ஜி நகஸாவாவின் சித்திரக்கதை அது. அதில் உருகும் உடல்களைக் கண்ணுக்கு நேரே காட்டுகிறார்கள். காட்ட வேண்டியவர்கள் காட்டினார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. இந்தப் படத்தில் வீட்டுக்கு வெளியே ஒரு பிணத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. ஒரு வாசனை மட்டும் வருகிறது. இறைச்சி வேகும் வாசனை. அக்கம்பக்கத்தில் யாரோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முன்கூட்டியே செய்கிறார்கள் போலிருக்கிறது என்று ஜிம் நினைத்துக்கொள்கிறார்.

*

தேநீர்க் காட்சியை இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன்.

குழாயில் தண்ணீர் இல்லை. மின்சாரம் இல்லை. பால்காரர் வரவில்லை. தொலைபேசி செத்துக் கிடக்கிறது. மழை பெய்கிறது. மழைத்தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் எது என்று ஜிம் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார். கொதிக்க வைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பது ஹில்டா வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தது. தூசியில் இருக்கும் கதிரியக்கம் கொதியில் போகாது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோப்பையைக் கையில் வாங்கியதும் ஜிம்மின் முகத்தில் ஒரு நிறைவு. டீ கிடைத்துவிட்டது, இனி சமாளித்துக்கொள்ளலாம்.

ஹில்டா அதை அன்போடுதான் கொடுத்தார். எனக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை.

*

அடுத்து வருவதெல்லாம் மருத்துவ நூல்களில் உள்ளபடி வருகிறது. முதலில் தலைவலி, வாந்தி, களைப்பு. அப்புறம் ஈறில் ரத்தம், தோலில் நீலத் திட்டு, முடி கொத்தாகக் கையோடு வருதல். எலும்பு மஜ்ஜை அழிந்துவிட்டால் ரத்தத் தட்டணுக்கள் பிறப்பதில்லை. உடம்பு உள்ளுக்குள் கசிகிறது.

ஜிம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார். ஈறு? பல்செட் சரியாகப் பொருந்தவில்லை. காலில் திட்டு? நரம்புச் சுருட்டல், இந்த வயதில் வருவதுதான். முடி? பெண்களுக்கு வழுக்கை விழாது, அது அறிவியல். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்தும் மனைவிக்காகச் சொல்கிறாரா என்று மூன்று தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மில்ஸின் குரல் ஒரே ஓர் இடத்தில் கொஞ்சம் தடுக்குகிறது. தெரிந்துதான் சொல்கிறார் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு ஒருவர் மற்றவருக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

ஹில்டா தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொள்கிறார்.

*

இயக்குநர் ஜிம்மி முரகாமி. 1933-இல் கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். முரகாமி குடும்பம் டூல் லேக் முகாமுக்குப் போனது. சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறைந்திருக்காது. பெரியவரான பிறகு அவர் அயர்லாந்தில் குடியேறி, 2014-இல் டப்ளினில் இறந்தார்.

சொந்த அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டும், குடும்பம் மூட்டை கட்டும், பெரியவர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள் என்பதை அந்த வயதில் பார்த்தவர் இந்தப் படத்தைச் செய்திருக்கிறார். ஜிம் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கும் காட்சிகளில் கேமரா ஏன் அவ்வளவு பொறுமையாக இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

*

தலைப்பு ஓர் ஆங்கிலத் தாலாட்டிலிருந்து வந்தது. மரத்து உச்சியில் தொட்டில். காற்றடித்தால் ஆடும். கிளை ஒடிந்தால் விழும். எந்த ஊர்த் தாய்மார்களும் பயத்தையும் ஆறுதலையும் ஒரே மூச்சில்தான் பாடியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

*

கடைசியில் உருளைக்கிழங்கு மூட்டை கட்டும் காகிதச் சாக்குகளுக்குள் இருவரும் இறங்கிக்கொள்கிறார்கள். குண்டு விழுவதற்கு முன்பு தன் ஆயத்தங்களை ஜிம் தொலைபேசியில் சொன்னபோது மகன் அடக்க முடியாமல் சிரித்தான். இப்போது யாரும் சிரிப்பதற்கு இல்லை. சாய்த்த கதவுகளுக்கு அடியில் மறுபடியும் ஊர்ந்துபோய்ப் படுக்கிறார்கள்.

ஜெபம் பண்ணலாமா என்று ஹில்டா கேட்கிறார். ஜிம்முக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதுபோலத் தொடங்குகிறார். பிறகு ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் கோக்கிறார். பரமண்டல ஜெபத்தில் கொஞ்சம், 23-ஆம் சங்கீதத்தில் கொஞ்சம். அதிலிருந்து வழுக்கி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த டென்னிசனின் போர்க் கவிதைக்குள் போய்விடுகிறார். 1854-இல் பாலக்லாவாவில், தவறாகப் போய்ச் சேர்ந்த ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, அறுநூறு குதிரைவீரர்கள் பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்த கதை அது. குரல் அங்கே நின்றுவிடுகிறது.

பெயர்கள் ஓடி முடிந்த பிறகு தந்திக் கட்டை ஒலி கொஞ்ச நேரம் கேட்கிறது. மோர்ஸ் எழுத்துகள் மூன்று: எம், ஏ, டி. இரு தரப்பும் ஒருவரையொருவர் அடியோடு அழித்துக்கொள்வது உறுதி என்ற அணு ஆயுதக் கொள்கைக்கு வழங்கும் சுருக்கப் பெயர். பைத்தியம் என்றும் அதற்கு ஆங்கிலத்தில் பொருள் உண்டு.

*

படம் வந்த மறுவருஷம், 1987 டிசம்பரில், ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தரத் தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இங்கிலாந்தில் க்ரீனம் காமன் தளத்தின் வேலிக்கு வெளியே 1981-இலிருந்து பெண்கள் அந்த ஏவுகணைகளை எதிர்த்துக் கூடாரம் போட்டு, மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்த கடைசி ஏவுகணை 1991-இல் வெளியேறியது. வீட்டுக்காரர்கள் நினைத்தால் ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கூடாரங்கள் நினைவுக்கு வரும். அந்த ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் செத்துப்போனது.

ஸ்வீடன் அரசு 2024 நவம்பரில் வீடுவீடாக ஒரு கையேடு அனுப்பத் தொடங்கியது. நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்று. தண்ணீர் சேர்த்து வையுங்கள், பேட்டரி ரேடியோ வையுங்கள். அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் எங்கோ ஓர் ஊர் ஓரத்தில், வயதான இருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒவ்வொரு வரியாகப் படித்திருப்பார்கள்.

ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 ஜனவரியில் உலகத்தில் இருந்த அணுகுண்டுகள் சுமார் 12,241.

*

படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. பாருங்கள். பனிமனிதன் படம் எடுத்தவர்கள் எடுத்ததுதானே என்று சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பெற்றோர் உங்களோடு இருந்தால், அவர்கள் சம்மதித்தால், சேர்ந்து பாருங்கள். ஜிம் கோப்பையைக் கையில் வாங்கும் இடம் வரும்போது யாரும் பேச வேண்டாம்.